விருந்தாளி சிரிக்க வேண்டும்

அலெக்ஸாண்டர் பெய்ன் இயக்கிய 'தி ஹோல்டோவர்ஸ்' (2023) படத்தை ஒரு டிசம்பர் இரவில் பார்த்தேன். பெங்களூரு வாடகை வீடு, மறுநாள் காலை ஒன்பதரைக்கு மீட்டிங். அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் படுத்துவிடலாம் என்றுதான் போட்டேன். ஒரு காட்சியில் நிறுத்திவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, திரும்ப அதே காட்சியைப் பார்த்தேன்.

1970 டிசம்பர். நியூ இங்கிலாந்தில் ஒரு உறைவிடப் பள்ளி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட, போக முடியாத ஐந்து பையன்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்களில் ஒருவன் யே-ஜூன் பார்க், கொரியாவிலிருந்து வந்து படிக்கும் சின்னப் பையன். ஊர் ரொம்பத் தூரம். நள்ளிரவில் அவன் அழும் சத்தம் கேட்டு இன்னொருவன், ஆங்கஸ் டல்லி, எழுந்து வருகிறான். கெட்ட கனவு கண்டு படுக்கையை நனைத்திருக்கிறான் யே-ஜூன். தனக்கு இங்கே நண்பர்களே இல்லை என்கிறான். ஆங்கஸ் படம் முழுக்க யாரையாவது சீண்டிக்கொண்டே இருக்கிற பையன். இங்கே மட்டும் கேலி செய்வதில்லை. மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம் என்கிறான். அவ்வளவுதான், காட்சி முடிந்துவிடுகிறது.

அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி. அந்நிய நாட்டுக்குப் படிக்க வந்த பதின்வயதுப் பிள்ளை பண்டிகைக் காலத்தில் என்ன ஆகிறான்? நாம் பார்த்த படங்களும் படித்த கதைகளும் அவனை என்ன செய்திருக்கின்றன?

1

பரிமாற்ற மாணவர் என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். இன்று உலகம் முழுக்கப் பள்ளி மாணவர்களை அனுப்பும் பழைய அமைப்புகளில் ஒன்று ஏ.எஃப்.எஸ். அது முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரிலும் வண்டி ஓட்டிவிட்டு, போர் முடிந்ததும், 1947இல், அவர்கள் பள்ளி மாணவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் ஒரு வருஷம் சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தால், அடுத்த முறை அந்த நாட்டின் மேல் குண்டு போடக் கை நடுங்கும் என்பது நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான்.

ஆனால் இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. உலக அமைதியைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவைக்கிறோம். அவன் வெறும் பையன் இல்லை, குட்டித் தூதுவன். தூதுவன் சாப்பாட்டு மேஜையில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது. கிறிஸ்துமஸ் அன்று காலையில் ஒரு குடும்பமே சுற்றி உட்கார்ந்து, ‘பிரிச்சுப் பாரு, பிரிச்சுப் பாரு’ என்று பரிசுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது அழுதுவிடக் கூடாது.

'கலாச்சார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர். 1960இல் வெளியான தன் கட்டுரையில், அந்நிய நாட்டுக்குப் போனவரின் முதல் கட்டத்தை அவர் தேனிலவு என்கிறார். எல்லாம் புதுசு, எல்லாம் அழகு. அது கழிந்த பிறகுதான் சரிவு. ஆகஸ்டில் போய் இறங்கும் பிள்ளைக்கு டிசம்பர் என்பது நான்காவது, ஐந்தாவது மாதம். எங்கள் தொழிலில் இது தெரிந்த கதை: டெமோ பிரமாதமாக ஓடும், புரொடக்‌ஷனுக்குப் போன பிறகுதான் ஒவ்வொன்றாக விழும். விழத் தொடங்கும் அதே மாதத்தில்தான் ஊர் முழுக்க விளக்குப் போடுகிறார்கள். உள்ளே இருட்டும்போது வெளியே பண்டிகை.

அப்படியானால் இங்கே பெரிய நாடகம் இருக்கிறது. அமெரிக்க சினிமா அதில் என்ன பார்த்தது? பெரும்பாலும் காமெடியை.

2

ஜான் ஹ்யூஸின் 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' (1984) படத்தில் வரும் லாங் டக் டாங்தான் ஹாலிவுட்டின் மிகப் பிரபலமான பரிமாற்ற மாணவன். இது கிறிஸ்துமஸ் படம் இல்லை, ஆனால் பண்டிகைக் களை உள்ள வீட்டில்தான் நடக்கிறது. அக்காவுக்குக் கல்யாணம், வீடு நிறைய உறவினர்கள். தாத்தா பாட்டி தங்களோடு தங்கியிருக்கும் இந்த மாணவனையும் கூட்டிவருகிறார்கள். எந்த நாட்டுக்காரன் என்று படம் மெனக்கெட்டுச் சொல்வதில்லை. ஆசியா, அது போதும். அவன் வரும்போதெல்லாம் பின்னணியில் டொய்ங் என்று ஒரு வெண்கலத் தட்டு ஒலிக்கும். நடித்த கெடே வாட்டனாபே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். அந்த உச்சரிப்பு முழுக்க அவர் போட்டுக்கொண்டது. அந்தப் படத்தின் நாயகி மோலி ரிங்வால்டே 2018இல் ஹ்யூஸின் படங்களைத் திரும்பிப் பார்த்து எழுதிய கட்டுரையில் இந்தப் பாத்திரத்தைக் கடுமையாக விமர்சித்தார்.

இனக்கேலி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் படுவது வேறு ஒன்று. சாப்பாட்டு மேஜையில் அவன் தன் வாழ்க்கையைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்லும் இடம் இருக்கிறது. தாத்தா பாட்டியோடு இருப்பது, பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது, புல்வெட்டும் எந்திரத்தைத் தள்ளுவது. வந்த இடத்தில் பையன் புல் வெட்டிக்கொண்டிருக்கிறான்! அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறான். அந்தச் சிரிப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. இயக்குநரும்தான். அவன் கடிதத்தில் என்ன எழுதுவான் என்ற கேள்வி படத்தில் எங்குமே எழுவதில்லை.

அடுத்த வருஷம் வந்த 'பெட்டர் ஆஃப் டெட்' (1985) இதைவிடக் கிறுக்குத்தனமான படம், ஆனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் புத்திசாலி. இங்கே கிறிஸ்துமஸ் வருகிறது. பனி வருகிறது. பக்கத்து வீட்டில் மோனிக் என்ற பிரெஞ்சு மாணவி தங்கியிருக்கிறாள். நாயகனின் அம்மா அவளை விருந்துக்கு அழைத்து, பிரெஞ்சு ஃப்ரைஸ், பிரெஞ்சு டிரெஸ்ஸிங், பிரெஞ்சு ரொட்டி என்று பெயரில் பிரெஞ்சு இருக்கிற எல்லாவற்றையும் பரிமாறுகிறாள். சிரிப்புத்தான், ஆனால் எவ்வளவு உண்மை! 'உன்னை உன் வீட்டில் இருப்பதுபோல உணரவைக்கிறேன் பார்' என்று நினைக்கும் அன்பு, அந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்காது.

மோனிக் வாயே திறப்பதில்லை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். பிறகு தெரிகிறது, அவளுக்கு நன்றாகவே ஆங்கிலம் வரும். தங்கியிருக்கும் வீட்டுப் பையனின் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் தெரியாததுபோல நடிக்கிறாள். இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மட்டமான காமெடிப் படம் போகிற போக்கில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. மொழி தெரியாதது பரிமாற்ற மாணவனின் பலவீனம் மட்டும் இல்லை, சில சமயம் அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தனி அறை அது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிர், 1990இல் ஒளிபரப்பான 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் ஒரு பகுதி. பார்ட் என்ற அமெரிக்கப் பையனைப் பரிமாற்ற மாணவனாகப் பிரான்ஸுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு திராட்சைத் தோட்டக்காரர்கள் அவனை அடிமைபோல வேலை வாங்குகிறார்கள். ஒருநாள் ஒரு போலீஸ்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் கதறுகிறான், அவருக்குப் புரியவில்லை. இரண்டு மாதமாக இந்த மொழியையே கேட்டும் ஒரு வார்த்தை வரவில்லையே, நான் எவ்வளவு முட்டாள் என்று தனக்குள் புலம்பிக்கொண்டே நடக்கிறான். பாதியில் திடுக்கிட்டு நிற்கிறான், அவன் புலம்பிக்கொண்டிருப்பதே பிரெஞ்சில்தான். திரும்ப ஓடிப்போய்ப் புகார் சொல்கிறான். அவன் அந்த நாட்டில் சரளமாகப் பேசும் முதல் வாக்கியம் நன்றி இல்லை, புகார். லாங் டக் டாங்குக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கப் பையன் வெளியே போனால் புகார் சொல்லலாம். வெளியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவன் சிரிக்க வேண்டும்.

3

'தி ஹோல்டோவர்ஸ்' இந்த வரிசையில் வராது, அது நிஜமாகவே நல்ல படம். யே-ஜூன் பரிமாற்ற மாணவன் இல்லை, பள்ளியில் சேர்ந்து படிப்பவன். ஆனால் டிசம்பரில் இருவரும் நிற்கும் இடம் ஒன்றுதான்.

இடம் என்று சும்மா சொல்லவில்லை. விடுமுறைக்கு விடுதிக் கட்டடங்களில் வெப்பமூட்டியை அணைத்துவிடுகிறார்கள். அதனால் ஐந்து பேரும் பள்ளியின் மருத்துவ அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நோயாளி இல்லாத நோயாளிகளாகக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். இந்த ஒரு விவரத்திலேயே திரைக்கதை எழுதிய டேவிட் ஹெமிங்சன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு நிறுவனம் உன்னை மாணவனாக ஏற்றுக்கொண்டது என்றால், அதற்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது. நாள்காட்டியில் சிவப்பு மையில் உள்ள நாட்களில் நீ மாணவன் இல்லை. மிச்சம்.

படத்தின் மையம் மூன்று பேர்: யாருக்கும் பிடிக்காத வாத்தியார் பால் ஹன்னம், வியட்நாம் போரில் மகனைப் பறிகொடுத்த சமையல் பொறுப்பாளர் மேரி லாம்ப், அம்மா கைவிட்ட ஆங்கஸ். மேரியாக நடித்த டாவைன் ஜாய் ரேண்டால்ஃபுக்கு ஆஸ்கார் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில், வேறு யாரோ வீட்டு அடுக்களையில், அவர் உடைந்து அழும் காட்சிக்காகவே கொடுத்திருக்கலாம். அந்தக் காட்சியில் யாரும் அவரிடம் 'பண்டிகையும் அதுவுமா அழாதீங்க' என்று சொல்வதில்லை. இந்தப் படத்தின் ஞானமே அதுதான். பண்டிகை நாளில் சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை அது மூன்று பேரிடமிருந்து இறக்கிவைக்கிறது. இறக்கிவைத்த பிறகுதான் அவர்களுக்குள் ஏதோ ஒரு சந்தோஷம் வருகிறது.

என் குறை என்னவென்றால், இந்த ஞானம் மூன்று அமெரிக்கர்களோடு நின்றுவிடுகிறது.

கதை இப்படிப் போகிறது. ஒரு பையனின் பணக்கார அப்பா ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, எல்லோரையும் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆங்கஸின் அம்மாவும் புது அப்பாவும் தேனிலவில் இருக்கிறார்கள், தொடர்புகொள்ள முடியவில்லை. மற்ற நான்கு பேருக்கும் அனுமதி கிடைத்துவிடுகிறது. அதாவது பூமியின் மறுபக்கம் கொரியாவில் இருக்கும் பெற்றோரின் சம்மதம் கிடைக்கிறது, கரீபியன் தீவில் இருக்கும் அம்மாவின் சம்மதம் கிடைக்கவில்லை. ஆங்கஸின் தனிமையைக் காட்ட இது அருமையான உத்தி. ஆனால் அந்த நான்கு பேர் ஹெலிகாப்டரில் ஏறியதும் யே-ஜூனின் கதையும் ஏறிப் போய்விடுகிறது. நள்ளிரவில் அழுத பையன் பனிச்சறுக்கில் சிரிப்பான் என்று நாமே முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான். அறையில் அவனை இனத்தைச் சொல்லிக் கேலிசெய்த அதே பையனும் கூடவே போகிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. 1970இல் தென்கொரியாவிலிருந்து நினைத்தவுடன் யாரும் வெளிநாடு போய்விட முடியாது. சாதாரணக் குடிமக்கள் தாராளமாக வெளிநாடு செல்லும் உரிமை அங்கே 1989இல்தான் வந்தது. அப்படியானால் அந்தக் காலத்தில் ஒரு சிறுவனைத் தனியாக அமெரிக்கப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பம் எப்படிப்பட்டது? அவன் மேல் எவ்வளவு எதிர்பார்ப்பைக் கட்டி அனுப்பியிருக்கும்? படுக்கையை நனைப்பது அந்தச் சுமையின் கசிவு இல்லையா? படம் இந்தத் திசையில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சந்திர நாள்காட்டிப்படி வரும் கொரியப் புத்தாண்டு 1971இல் ஜனவரி 27. அப்போது கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வகுப்புகள் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கும். டிசம்பரில் அவனுக்காக வருத்தப்பட்ட யாருக்கும் ஜனவரி 27 என்பது ஒரு நாளே இல்லை. பரிமாற்ற மாணவர்களைப் பற்றிய எல்லாக் கதைகளிலும் இந்தக் குருட்டுப் புள்ளி இருக்கிறது. வீட்டுக்காரர்களின் பண்டிகையில் அவன் தனியாக இருக்கிறானே என்று கவலைப்படுகிறோம். அவனுடைய பண்டிகை என்றைக்கு என்று யாரும் கேட்பதில்லை.

4

இந்தப் பொருளில் நான் படித்தவற்றில் ஆகச் சிறந்தது, வேடிக்கையாக, கிறிஸ்துமஸ் நாவல் இல்லை. அனிதா தேசாயின் 'ஃபாஸ்டிங், ஃபீஸ்டிங்' (1999). அந்த வருஷம் புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது. அதன் இரண்டாம் பகுதியில் அருண் என்ற இந்தியப் பையன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கல்லூரி படிக்கிறான். கோடை விடுமுறை வருகிறது. விடுதியை மூடிவிடுகிறார்கள். பாருங்கள், திரும்பவும் அதே கதவு. எங்கேயாவது போயாக வேண்டும் என்பதால் பேட்டன் என்ற குடும்பத்தோடு தங்க வைக்கப்படுகிறான்.

திரு. பேட்டன் தோட்டத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுகிறார். அருண் சைவம். இறைச்சியை ஒரு மனிதன் வேண்டாம் என்பான் என்பதே அவருக்கு ஏறவில்லை. திருமதி பேட்டனோ எதிர்த்திசையில் உற்சாகமாகிவிடுகிறார். தானும் சைவமாகிவிட இவன் ஒரு சாக்கு. அவனைத் தள்ளிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதும், வாங்கிக் குவிப்பதுமாக இருக்கிறார். அந்த வீட்டில் மெலனி என்ற மகள் கண்ணெதிரே சாப்பிட்டு, சாப்பிட்டதை வாந்தியெடுத்து, நொறுங்கிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கவனிக்க அம்மாவுக்கு நேரமில்லை. அருணுக்கு மெலனியின் கோபத்தில் தன் அக்கா உமாவின் முகம் தெரிகிறது. அக்காவை அந்த ஊர் வீட்டில் அவன் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

அருணைத் தட்டையான பாத்திரம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவன் எதையும் செய்வதில்லை, எதற்கும் நெகிழ்வதில்லை. முதல்முறை படித்தபோது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. இவ்வளவு அன்பு காட்டுகிறாளே அந்த அம்மா, இவன் ஏன் மரம் மாதிரி நிற்கிறான்? இப்போது அதுதான் நாவலின் நேர்மை என்று தோன்றுகிறது. தேசாய் அவனைச் சிரிக்கச் சொல்வதில்லை. அவனை வைத்து அந்த வீட்டைத் திருத்துவதும் இல்லை. விருந்தாளி வந்து குடும்பத்தை ஒன்றுசேர்த்தான் என்ற வசதியான கதையை அவர் எழுத மறுத்தார். அருண் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்து வைத்துக்கொண்டு அந்தக் கோடையைக் கடக்கிறான்.

கடைசியில் ஊரிலிருந்து பொட்டலம் வருகிறது. தேயிலை, ஒரு கம்பளிச் சால்வை. இந்தப் பொட்டலத்தைக் கட்டச் சொல்லி உமாவை அப்பா அம்மா விரட்டுவதில்தான் நாவலே தொடங்குகிறது. அருணின் பெட்டியில் அதற்கு இடமில்லை. விடுதிக்குக் கிளம்பும்போது சால்வையைத் திருமதி பேட்டனின் தோளில் போர்த்திவிட்டு, தேயிலையையும் கொடுத்துவிட்டுப் போகிறான். இது நன்றியா? சுமையைக் கழிப்பதா? இரண்டும்தான். வீட்டிலிருந்து வந்ததை வைத்துக்கொள்ள இடமில்லாத ஒரு பையனிடம் வேறு என்ன இருக்கிறது கொடுக்க?

5

இப்போது அந்த முகம்.

நான் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் படித்தேன். முதல் வருஷம் என் அறையில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து உதவித்தொகையில் வந்த ஒருவன் இருந்தான். பதினெட்டு வயது. பெயர் வேண்டாம். டிசம்பரில் செமஸ்டர் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பறந்தோம். மெஸ்ஸை மூடிவிட்டார்கள். அவன் ஹாஸ்டலிலேயே இருந்தான். கழுத்தில் சிலுவை போட்டிருந்த பையன். அவனுக்குக் கிறிஸ்துமஸ் என்று ஒன்று உண்டு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஜனவரியில் திரும்பியபோதுதான் 'ஐயோ பாவம், தனியாவே இருந்திருக்கான்' என்று தோன்றியது. சரி, பொங்கலுக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம் என்று முடிவுசெய்தேன். அவனுடைய பண்டிகைக்கு விட்டுவிட்டுப் போய், என்னுடைய பண்டிகைக்கு அழைத்துப் போனேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பின்னால் பத்துப் பிள்ளைகள். அம்மா வேட்டி எடுத்து வைத்திருந்தார். பெரியப்பா கட்டிவிட்டார். தெருவே வந்து போட்டோ எடுத்துக்கொண்டது. “தமிழ்ல ஏதாச்சும் சொல்லச் சொல்லுடா” என்றாள் அத்தை. அவனுக்குத் தெரிந்தது மூன்று வார்த்தைகள். வணக்கம், நல்லாருக்கு, போதும். ‘போதும்’ என்று அவன் கையை மறைக்கும்போதெல்லாம் பந்தியே சிரித்தது, அத்தை இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள். நாங்கள் வெண்கலத் தட்டை அடிக்கவில்லை, அதுதான் வித்தியாசம். மற்றபடி லாங் டக் டாங்குக்கு நடந்த எல்லாம் எங்கள் வீட்டில் அன்பாக நடந்தது.

அவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான்.

பொங்கலன்று மதியம் என்னிடம் வந்து, வீட்டுக்கு ஒரு போன் பேச வேண்டும் என்றான். அப்போது எங்கள் ஊரில் ஒரே ஒரு எஸ்.டி.டி. பூத். பண்டிகைக்கு மூடியிருந்தது. “நாளைக்குப் பாத்துக்கலாம்டா” என்றேன். மறுநாள் மாட்டுப் பொங்கல், மறுபடி கேட்டான். மாட்டுக்குக் கொம்பில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். “காலேஜ் போனதும் பேசிக்கலாமே, என்ன அவசரம்?” காணும் பொங்கலன்று மூன்றாவது தடவை கேட்டான். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்திருப்பேன். அவனும் சிரித்திருப்பான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருச்சி வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் எல்லோரும் இவ்வளவு செய்தார்களே, ஒரு நன்றி சொல்ல வாய் வரவில்லையே. ஹாஸ்டலுக்கு வந்து நண்பர்களிடம், “அவனுக்கெல்லாம் நன்றியே கிடையாதுடா” என்று சொன்னேன். அந்த வாக்கியம் மாடி முழுக்கச் சுற்றியது. அடுத்த வருஷம் பொங்கலுக்குக் கூப்பிட்டபோது, “நான் ஹாஸ்டல்லயே இருக்கேன்” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

திருக்குறளில் விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நமக்கு அதில் பெருமை. பத்துக் குறள்களில் பெரும்பாலானவை விருந்தளிப்பவரைப் பற்றியவை. அவருடைய கடமை, அவருக்குக் கிடைக்கும் பலன், செய்யாவிட்டால் வரும் இழப்பு. கடைசிக் குறளில்தான் வள்ளுவர் விருந்தாளியின் முகத்தைப் பார்க்கிறார். முகர்ந்தால் வாடும் அனிச்சப் பூவைவிடச் சீக்கிரம் வாடுகிறவன் விருந்தாளி, வீட்டுக்காரரின் முகம் மாறினாலே போதும் என்கிறார். நான் இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன். வீட்டுக்காரனுக்கான எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். முகத்தைச் சுளிக்காதே, அவ்வளவுதான். நாங்கள் யாரும் முகத்தைச் சுளிக்கவில்லையே! இப்போது படித்தால் வேறொன்றும் கேட்கிறது. விருந்தாளி மூன்று நாளும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் முகம் மாறிவிடக் கூடாதே என்று தன் முகத்தைக் காத்துக்கொண்டிருக்கிறான். அது வேலை. பஸ்ஸில் ஏறிய பிறகு அவன் செய்தது அந்த வேலையிலிருந்து ஓய்வு.

விமர்சனம் எழுத உட்கார்ந்துவிட்டு என் கதையைச் சொல்லிவிட்டேன். ஆனால் இது தெரிந்த பிறகு அந்தப் படங்களை வேறுமாதிரி அளக்க வேண்டியிருக்கிறது. அந்நியப் பையனை நல்லவனாகக் காட்டினார்களா, கேலி செய்தார்களா என்பது மட்டும் போதாது. நல்லவனாகக் காட்டுவதும் அவனைச் சிரிக்கச் சொல்வதுதான். சிரிக்காமல் இருக்க அவனுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஹ்யூஸ் ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. தேசாய் அரை நாவலையே கொடுத்தார். பெய்ன் ஒரு நள்ளிரவைக் கொடுத்தார்.

அந்த நள்ளிரவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தச் சில நிமிடங்களில் ஆங்கஸ் செய்வதை இன்னொரு தடவை பாருங்கள். அழாதே என்று சொல்வதில்லை, கிறிஸ்துமஸ் கதை சொல்வதில்லை, நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. நனைந்த விரிப்பை என்ன செய்வது என்று யோசிக்கிறான். பண்டிகைக் காலத்தில் தூர தேசத்துப் பிள்ளை ஒருவனுக்கு ஒருவர் செய்யக்கூடியது அநேகமாக அவ்வளவுதான்.

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பண்டிகை நாளிலும் திறந்திருக்கும் பூத் ஒன்று இருந்தது. எனக்குத் தெரியும். ஆறு கிலோமீட்டர். திண்ணையில் பெரியப்பாவின் சைக்கிள் சும்மாதான் சாத்தியிருந்தது.